இன்னொரு கோர்டோபா

ஆவி தெரிகிற மாதிரி படம் எடுக்கணும் என்றான் நவேல்.
அடுப்பிலிருந்து இறங்கிய எம்பனாதாவுக்கு
ஆயுள் ஐந்து நிமிடம்.
தட்டோடு என்னை அசையவிடாமல் நிறுத்தி
அதில் நான்கை அவன் தின்றுவிட்டான்.
நெற்றியைத் துடைக்காதே என்றான்.
வியர்வை நன்றாக விற்குமாம்.

பேருந்துக் கழகம் கணக்கு முடித்துத் தந்த பணத்தில்
சான் விசென்தே தெருமுனையில்
ஓர் அடுப்பு, ஒரு மேசை,
எதெல்வினா என்றொரு பலகை.
கடைசி எழுத்துக்கு இடம் போதாமல்
பெயர் கொஞ்சம் ஒடுங்கி நிற்கும்.

மூன்று வாரம்.
எங்கள் பக்கத்தைப் பின்தொடர்ந்தவர்கள் முப்பத்தொன்பது பேர்.
அதில் என் அக்கா இரண்டு கணக்கில்.
ஒரு பல் மருத்துவமனை.
முகத்துக்குப் பதில் கால்பந்து வைத்த மூவர்.

காசு போட்டால் தூக்கிவிடும் என்றான்.
இரண்டு மூட்டை மாவின் விலையைப் போட்டோம்.
எந்த ஊர் என்று கேட்டது.
கோர்டோபா என்று தட்டினான்,
முதலில் வந்ததைத் தொட்டான்.

விடிகாலை மூன்றுக்குத்
தலையணைக்கடியில் பிடித்துப்போட்ட மீன்போலத்
துள்ளத் தொடங்கியது போன்.
இதயம். இதயம். இதயம்.
ஐந்து மணிக்குள் நானூறு.
எழுந்துபோய்
நூற்றுமுப்பது வட்டம் கூடுதலாகத் தேய்த்தேன்.
எட்டுக்குக் கதவைத் திறந்தால்
வாசலில் நாய்.
வழக்கமான நாய்.

பதினோரு மணிக்குத்தான் ஒரு கேள்வியைப் படித்தேன்:
கடை ரோமானியப் பாலத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?
எங்கள் ஊரில் ரோமானியனுக்கு என்ன வேலை?

அது கடலுக்கு அப்பால்,
எங்களுக்குப் பெயரைக் கடன் கொடுத்த ஊர்.
பதினோராயிரம் பேர் அங்கே
காலைக் காப்பியோடு
என் எம்பனாதாவைப் பார்த்திருக்கிறார்கள்.
வியர்வை வழியும் என் முகம்
விசா இல்லாமல் போய் இறங்கியிருக்கிறது.

நவேலின் முகம் உரித்த வெங்காயம்.
திட்டுவதற்கு நல்ல வார்த்தையாகத் தேடிக்கொண்டிருக்கும்போதே
சிரிப்பு வந்துவிட்டது, மாவு மூட்டை சிரிக்காதபோதும்.

நிறுத்து என்றேன்.
நிறுத்துவதற்குள் ஒரு செய்தி.
ரெமேதியோஸ் காந்தரேரோ என்று ஒருத்தி:
"என் மகன் ஃபெர்மின் உங்கள் கோர்டோபாவில் இருக்கிறான்.
நட்சத்திரம் பார்க்கிற படிப்பு.
பாக்கெட் சூப்பைக் குடித்துவிட்டுச் சாப்பிட்டேன் என்கிறான்.
போனில் தெரிகிற கன்னம் பொய் சொல்லாது.
ஒரு டஜன் கொண்டுபோய்க் கொடுங்கள்.
உள்ளே திராட்சை இருந்தால் சொல்லாதீர்கள்.
சொன்னால் பொறுக்கி எறிவான்,
சொல்லாவிட்டால் தின்பான்."

சைக்கிளில் போனான் நவேல்.
மூன்றாம் மாடி.
துண்டு கட்டிய ஒருவன் பாதிக் கதவைத் திறந்து
நான் எதுவும் கேட்கவில்லையே என்றானாம்.
உன் அம்மா கேட்டாள்.
பாதிக் கதவு முழுக் கதவானது.
நின்றபடியே இரண்டு.
நவேல் படம் எடுத்தான், துண்டுக்கு மேலே மட்டும்.
அந்தப் படத்துக்கு அவள் ஒரு வார்த்தை எழுதவில்லை.
இன்னொரு டஜனுக்குப் பணம் வந்தது.

விளம்பரத்தை நாங்கள் திருத்தவில்லை.
கீழே ஒரு வரி சேர்த்தோம்:
உங்கள் ஆள் யாராவது இங்கே இருந்தால் முகவரி தாருங்கள்.

இந்த மாதம் ஏழு முகவரி.
ஒன்று தவறு.
ஒன்றில் கதவைத் திறந்தவன்
அனுப்பியவள் பெயரைக் கேட்டதும் சாத்திக்கொண்டான்.
அந்த டஜனை நாங்களே தின்றோம்,
பேசாமல்.

மாவுக் கடன் அப்படியே இருக்கிறது.
அக்கா மூன்றாவது கணக்குத் தொடங்கியிருக்கிறாள்.

நேற்று எதிர்க்கடைப் பூட்டுக்காரர் ருபெர்தோ
தெருவைக் கடந்து வந்தார்.
நாற்பது எட்டு, எண்ணியிருக்கிறேன்.
ஏன் எதெல்வினா,
நீ இந்தப் போனில் கீனில் எல்லாம் போடக்கூடாதா?
இங்கே கடை இருப்பதே ஒருத்தருக்கும் தெரியவில்லையே.

சூடாக ஒன்றை எடுத்து நீட்டினேன்.
ஆவி அவர் மூக்குக்கண்ணாடியில் படிந்தது.
துடைக்காமலே கடித்தார்.